கேள்வி கேட்கும் பிள்ளைக்கும் மதிப்பெண் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்கள் கல்விப் பக்கத்தில் படைப்பாற்றல் கல்வி, சிந்திக்க வைக்கும் வகுப்பறை என்று தொடர்ந்து கட்டுரைகள் வருகின்றன. ஒன்று விடாமல் படித்தேன். எழுதியதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கூடவே போடுகிற படங்களில்தான் குறை. எல்லாப் படத்திலும் ஒரு ரோபோ இருக்கிறது, இல்லாவிட்டால் வண்ணக் காகிதத்தில் செய்த பட்டாம்பூச்சி. ஆசிரியரைப் பார்த்து "ஏன்?" என்று கேட்டு நிற்கிற பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை. அதை எப்படிப் படம் எடுப்பது என்பீர்கள். சரி, எழுதவாவது செய்யலாமே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் ஆசிரியை இல்லை. கொடைக்கானல் மேல்மலையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் என்னைச் சத்துணவு டீச்சர் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். எங்கள் சமையல் கூடம் ஏழாம் வகுப்புச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. புகை போகக் கதவைத் திறந்து வைத்தால் பாடம் முழுக்கக் காதில் விழும். பிள்ளைகள் ஒவ்வொரு பாடத்தையும் ஒரு வருடம்தான் கேட்டார்கள். நான் வருடா வருடம் கேட்டேன். இப்போது பேத்தி அதே பள்ளியில் படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மகள் போகும்போது நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆக, இங்கே 93, 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். காரணம் தெரியாவிட்டாலும் எங்கள் சமையலர் அக்காவுக்கு விஷயம் தெரியும். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் தண்ணீர் தளதளவென்று கொதித்து வற்றுமே தவிர, பருப்பு வேகாது. அடுப்பைக் கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. குக்கர் என்றால் மூடிக்குள் அழுத்தம் கூடி 100 டிகிரியைத் தாண்டிப் போகும், அப்போதுதான் பருப்பு மசியும். மலைக்கு மாற்றலாகி வருகிற ஆசிரியர் வீடுகளில் முதல் வாரம் பருப்பால்தான் சண்டை வரும்.

நிலக்கோட்டைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த அறிவியல் ஆசிரியர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டார். ஒருநாள் ஏழாம் வகுப்பை அப்படியே கிளப்பிக்கொண்டு வெப்பமானியோடு சமையல் கூடத்துக்கு வந்தார். உலை கொதிக்கிறது, வெப்பமானி 93-க்கும் 94-க்கும் நடுவில் நிற்கிறது. பிள்ளைகள் உடனே, "சார், வெப்பமானி கெட்டுப்போச்சு" என்றார்கள். புத்தகம் தப்பாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பாருங்கள். "கெட்டுப்போச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். இரண்டு நாள் வகுப்பில் இதே பேச்சு. காய்கறி லாரி ஓட்டுகிற மாமன் ஒருவர் ஒரு பையனுக்கு இருந்தார். வெப்பமானியைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தனுப்பி, வத்தலக்குண்டில் ஒரு டீக்கடைக் கொதிநீரில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே 99 காட்டியது. வெப்பமானியில் கோளாறில்லை என்றானது. அப்புறம்தான் ஆசிரியர் காற்றழுத்தப் பாடத்தை எடுத்தார். அந்தப் பாடத்தின்போது சன்னல் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

காலாண்டுத் தேர்வில், நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிக் கேள்வி வந்தது. தாங்கள் பார்த்ததையே சில பிள்ளைகள் எழுதினார்கள். விடைக்குறிப்பில் இருந்தது 100. மதிப்பெண் போய்விட்டது. அதில் ஒரு பெண் பிள்ளை விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "டீச்சர், நீங்களும்தானே பார்த்தீங்க?" என்று சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

100 என்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கடல் மட்டத்தில் அது சரியான விடை. கேள்வியில் 'கடல் மட்டத்தில்' என்று சேர்த்திருந்தால் அந்தப் பிள்ளைகள் சரியாக எழுதியிருப்பார்கள். இன்னும் நல்ல கேள்வி வேண்டுமென்றால், 'உங்கள் ஊரில் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது? ஏன்?' என்று கேட்கலாம். ராமேஸ்வரத்திலும் கேட்கலாம், கொடைக்கானலிலும் கேட்கலாம். திருத்துகிறவருக்குக் கொஞ்சம் வேலை கூடும். மூடி போட்ட பாத்திரத்தில் என்ன ஆகும் என்று எவனாவது ஒருவன் சேர்த்து எழுதி வைத்தால் இன்னும் கூடும். கூடட்டுமே.

எங்கள் மலையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வு நிலையம் 1899-இல் தொடங்கியது. 1870-களில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்த பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என எழுந்த பேச்சுதான் அதற்கு ஒரு காரணம். பட்டினியிலிருந்து பிறந்த கேள்வி என்று சொல்லலாம். 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பவர் இங்கிருந்து பார்த்துத்தான், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறது. எங்கள் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப்போனால் ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், சாக்லேட் கடை, திரும்பி வா. அந்தக் கட்டடத்தில் இருந்தவர் எதைப் பார்த்து என்ன கேட்டார் என்று சொல்ல ஆளில்லை.

இதுவரை சொன்னதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். வெப்பமானி யாரையும் கடிக்காது. அடுத்துச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

பள்ளிச் சுவரில் வாரத்துக்கான உணவுப் பட்டியல் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் கொண்டைக்கடலை புலாவ் என்று ஒரு நாள் உண்டு. ஒரு பருவத்தில் தொடர்ந்து கடலை வரவில்லை. வந்த சரக்கை வைத்துச் சாம்பார் சாதம் போட்டோம். அந்தச் சமயத்தில் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி நடந்தது. புத்தக முறைப்படி என்றால், இல்லாத ஊரில் இல்லாத நூலகத்துக்காக மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவார்கள். அந்தத் தமிழாசிரியை மட்டும், "உங்களுக்கு உண்மையிலேயே எது வேணுமோ அதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் கடலையைப் பற்றி எழுதிவிட்டார்கள்! சுவரில் இருப்பது ஒன்று, தட்டில் விழுவது ஒன்று, ஏன் என்று தெரிவிக்கவும், இப்படிக்கு. எழுதுமுன் என்னிடம் வந்து இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். எந்தத் தேதிக்குப் பிறகு கடலை வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். மேலே இருந்து விசாரணை வந்தால் என் பதிவேட்டைத்தான் முதலில் புரட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். புரட்டட்டும் என்றிருந்தேன்.

கடிதங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. தேதி, முகவரி, விளிப்பு எல்லாம் சரி. நன்றாக எழுதியவளுக்கு முழு மதிப்பெண். ஆனால் ஒரு கடிதம்கூட அஞ்சலில் சேரவில்லை. தபால்தலை ஒட்டும் இடத்தில் பள்ளிக்குப் பயம் வந்துவிட்டது. "பயிற்சிதானே, அனுப்பணும்னு என்ன இருக்கு?" என்று பெரியவர்கள் சொன்னார்கள். யாரையும் நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆய்வுக்கு வருகிறவரிடம் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். ஆனால் பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொண்டது என்ன? கடிதம் என்பது மதிப்பெண்ணுக்கு எழுதுவது.

உங்கள் கட்டுரைகளில் படைப்பாற்றல், விமர்சனச் சிந்தனை இரண்டையும் எப்போதும் சேர்த்தே எழுதுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே வரவேற்பு இல்லை. ரோபோ செய்கிற பிள்ளையை மேடையில் ஏற்றுகிறோம். கடலை எங்கே என்று கேட்கிற பிள்ளையை, "அதிகப் பிரசங்கி, உட்கார்" என்கிறோம். நம்மைத் தொடாத இடத்தில் சிந்தித்தால் பாராட்டு, நம்மைத் தொட்டால் வாய் நீளம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குள் தெரிந்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன பயிற்சி கொடுத்தாலும், எந்தக் கேள்வி பத்திரமான கேள்வி என்று பார்த்துத்தான் கேட்பார்கள்.

இதை எங்கே கற்றேன் என்றால், தொண்ணூறுகளில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது. சத்துணவு வேலை முடிந்து சாயங்காலம் தொண்டராகப் போவேன். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது அந்தக் காலத்தில்தான். எங்கள் மேட்டில் சைக்கிளை மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதனால் நாங்கள் எழுத்தோடு நிறுத்திக்கொண்டோம். அறிவொளிப் பாடப் புத்தகம் அம்மா, ஆடு என்று தொடங்கவில்லை. முதல் பாடத்தில் இருந்தது பட்டா. அதை எழுதிக் காட்டிவிட்டு, "இங்க யார் யார் பேர்ல பட்டா இருக்கு?" என்று கேட்க வேண்டும். கேட்டேன். பூண்டுக் காட்டில் குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, வீட்டுக்காரர் பேரில் என்றாள். இன்னொருத்தி, மாமனார் பேரில், அவர் போய்ப் பல வருஷம் ஆச்சு என்றாள். நிலமே இல்லாதவர்கள் பேசவில்லை. அன்றைக்குப் படித்தது ஒரே ஒரு சொல். பேச்சு முடிய விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. மறுநாள் ஒருவர்கூடக் குறையாமல் வந்தார்கள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்த முறையின் வேர் எங்கே என்று சொன்னார். பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரேயர் என்பவர் 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளர்களுக்கு, அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற சொற்களை வைத்தே, சுமார் 40 மணி நேரப் பாடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தாராம். அடுத்த வருஷமே அங்கே ராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் வைத்தது, பிறகு நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. எழுத்து சொல்லிக்கொடுத்ததற்கு ஏன் சிறை என்று ஒரு தொண்டர் கேட்டார். "எழுத்துக்கு இல்லைம்மா, பட்டா யார் பேர்லன்னு கேட்டதுக்கு" என்றார் பயிற்சியாளர்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். செயல்வழிக் கற்றல் 2007, 2008 வாக்கில் எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. சுவரில் ஏணிப்படி, கயிற்றில் அட்டைகள், பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, ஆசிரியரும் தரையில். முதல் வருடங்களில் அந்த வகுப்பின் சத்தமே வேறு. அப்புறம் எண்ணும் எழுத்தும் வந்தது. வானவில் மன்றம் வந்து, பரிசோதனைப் பொருட்களோடு ஆட்களும் பள்ளிக்கு வந்தார்கள். எல்லாம் நல்ல திட்டங்கள்தான். ஆனால் எது வந்தாலும் கொஞ்ச நாளில் ஒரு சுற்றறிக்கை, ஒரு பதிவேடு, ஒரு புகைப்படம், எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் ஒரு பதிவு என்று ஆகிவிடுகிறது. எங்கள் மலையில் செல்போன் கோபுரம் மனது வைத்தால்தான் எமிஸ் திறக்கும். ஆசிரியர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் மேல் மூலைக்கு ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருந்தால் அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வருஷக் கடைசியில் பார்க்கப்போவது கோடிட்ட இடத்தைத்தான் என்று ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். பொருட்களுக்குச் செலவு செய்வதில் பாதி அக்கறையைக் கேள்வித்தாள் தயாரிப்பதில் காட்டினால் போதும்.

உள்ளூர் விஷயத்தைப் பாடமாக்கு என்று நான் சொன்னதும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்துவிட்டார். "எம்புள்ள பூண்டுல கிடந்து சாகக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புறேன். அங்கயும் பூண்டா?" நியாயமான கோபம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். குலக்கல்வி என்று ஊரெல்லாம் எதிர்த்து, மறு வருஷம் காமராசர் முதல்வரானதும் அது போனது. என் சித்தப்பா அந்த வருடத்தில் பள்ளிப் பிள்ளை. கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார். அந்தப் பயம் தமிழ்நாட்டில் யாருக்கும் போகக் கூடாது.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்னது இதுதான். பூண்டு நடுவது எப்படி என்று பள்ளியில் சொல்லித்தர வேண்டாம், அது உங்களுக்கே தெரியும். வடுகபட்டிச் சந்தையிலிருந்து நீங்கள் கொண்டுவருகிற சீட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். அதில் எடை இருக்கிறது, விலை இருக்கிறது, லாரி வாடகை, இறக்குக் கூலி, சாக்கு, கமிஷன் எல்லாம் இருக்கிறது. சதவீதக் கணக்கு அத்தனையும் அந்த ஒரு சீட்டில் போடலாம். கடைசியில் கைக்கு வந்தது எவ்வளவு, நடுவில் போனது எவ்வளவு, ஏன் என்று அவள் கேட்பாள். குலக்கல்வி என்றால் பிள்ளையைத் தொழிலில் உட்கார வைப்பது. நான் சொல்வது அந்தத் தொழிலையே முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பது. அவர் முழுக்க ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனாலும் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பளியர் என்ற மலைப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பையனையும் சொல்ல வேண்டும். வகுப்பில் அவன் வாய் திறக்க மாட்டான், மந்தம் என்று பெயர். காட்டுக் கிழங்கு பற்றிப் பேச்சு வந்த அன்று மட்டும், கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகு கொடியோடு தலைப்பகுதியைத் திரும்பப் புதைத்துவிட வேண்டும், அப்போதுதான் மறுபடி கிழங்கு கிடைக்கும் என்று தெளிவாகச் சொன்னான். வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அவன் அறிவை ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டு அவனைக் காட்டுக்கே அனுப்புவதும் ஒரு குலக்கல்விதான். அவனும் மருத்துவம் படிக்கட்டும். ஆனால் மந்தம் என்று அவனுக்குப் பெயர் வைத்தது எந்தத் தேர்வு என்று நாம் கேட்க வேண்டாமா?

கல்வித் துறை அதிகாரிகள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஆறிலிருந்து எட்டு வரை அறிவியல், சமூக அறிவியல் தேர்வுகளில் ஒரு கேள்வியாவது, பிள்ளை தன் ஊரில் தானே பார்த்து, அளந்து, விசாரித்து எழுதுவதாக இருக்கட்டும். அதைத் திருத்தும் பொறுப்பை அந்தப் பள்ளி ஆசிரியரிடமே விடுங்கள், விடைக்குறிப்பு வேண்டாம். அடுத்தது, வகுப்பில் எழுதும் விண்ணப்பக் கடிதங்களில் மாதம் ஒன்றையாவது உண்மையாக அனுப்பலாம் என்று தலைமையாசிரியர்களுக்கு ஒரு வரி எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் இருந்தால்தான் அவர்களுக்குத் தைரியம் வரும். அனுப்பிய கடிதத்துக்குப் பதிலும் வர வேண்டும். 'சரக்கு வரவில்லை, அடுத்த மாதம் வரும்' என்று ஒரு வரி வந்தாலும் பிள்ளைகள் அதைக் கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வருடம் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவட்டார ஊற்றுகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். எது இன்னும் ஓடுகிறது, எது நின்றுபோனது, அதைச் சுற்றிச் சோலையா, புல்வெளியா, வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களா என்று குறிக்கிறார்கள். 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது. எங்கள் பெரியவர்களோ, புல்வெளிதான் தண்ணீரைப் பிடித்து வைத்தது, வெளியூர் மரம் வந்து குடித்துவிட்டது என்கிறார்கள். இல்லை, ஆழ்குழாய்க் கிணறுதான் காரணம் என்று ஒரு குழு சண்டை போடுகிறது. ஆசிரியர் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார் என்று நினைக்கிறேன்.

பட்டியல் முடிந்ததும் உங்கள் மாணவர் பக்கத்துக்கு அனுப்பி வைக்கிறோம். அதில் சுற்றுலா விடுதிகளின் ஆழ்குழாய்க் கிணறுகள் பற்றி ஒரு பத்தி இருக்கும். கொடைக்கானல் விடுதிகளின் விளம்பரம் உங்கள் பத்திரிகையில் கோடை முழுக்க வருவதைப் பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள். அந்தப் பத்தியை எடுக்காமல் போடுவீர்களா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கொடைக்கானல் மேல்மலை, திண்டுக்கல் மாவட்டம்.